அத்தை பேர் எழுதிய டப்பா

நான் வேலை செய்கிற கேன்டீனில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். மூடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். மறுநாள் காலையில் அதில் கொஞ்சம் மலம் எடுத்து வந்து கம்பெனி நர்சிடம் கொடுக்க வேண்டும். சமைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள் யாருக்கும் விலக்கு கிடையாது. டப்பா கைக்கு வந்ததும் பெண்களுக்குள் சிரிப்பு கிளம்பிவிடும். "நேத்து நம்ம கேன்டீன் பொங்கலைத்தான் தின்னேன்க்கா, டப்பாவைத் தொறந்தா நர்சம்மா மயங்கி வுழுந்துருவாங்க" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். நான் சிரிப்பதில்லை. கூச்சக்காரி என்று விட்டுவிடுவார்கள். கூச்சம் உண்மைதான். ஆனால் அந்த டப்பாவைப் பார்த்தால் எனக்கு என் தம்பி நினைவு வரும். அதை அங்கே நின்று சொல்ல முடியாது.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நீளமான ஒரே சிமெண்ட் ஷீட் கூரையின் கீழே வரிசையாகப் பத்து அறைகள். நாங்கள் இரண்டு அறைகளில் இருந்தோம். மூன்று அறைகளில் வேறு குடும்பங்கள். மற்றதிலெல்லாம் கம்பெனி வேலைக்கு வந்த கல்யாணமாகாத ஆட்கள், ஒவ்வொருவர் ஒவ்வொரு ஊர். லைனின் கோடியில் எல்லோருக்குமாக இரண்டு கக்கூஸ், பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. காலை ஷிப்டுக்கு முன்னால் கக்கூஸ் வாசலில் ஆளுக்கொரு வாளியோடு வரிசை நிற்கும். அங்கே சோப்பு வைத்தால் மறுநாள் இருக்காது. அதனால் யாரும் வைப்பதில்லை. என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு வரிசை கிடையாது. பின்பக்கச் சாக்கடை ஓரம் போய் உட்காருவோம்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா செத்த பிறகு கொஞ்ச காலம் மாமனார் வீட்டிலேயே இருந்து பார்த்தாள். தட்டைப் போட்டு உட்கார்ந்தாலே, "புருஷனைத் தின்னது போதாதா" என்று கேட்கிற வீடு அது. அங்கிருந்து ஒரு பையோடு எங்களிடம் வந்தாள். வந்த கொஞ்ச நாளில் பக்கத்து அறையில் இருந்த இரண்டு பேருக்குச் சோறு ஆக்கிப் போட ஆரம்பித்தாள். அது வளர்ந்து பதினான்கு பேரானது. போர்டு எதுவும் கிடையாது. அக்கா மெஸ் என்று கேட்டால் தொழிற்பேட்டை கேட் வரைக்கும் வழி சொல்வார்கள். கூடப்பிறந்தவன் வீட்டில் உட்கார்ந்து தின்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது என்பதில் அத்தைக்கு ஒரு நிமிர்வு இருந்தது. நடையிலேயே தெரியும்.

எங்கள் லைனில் அத்தையைப்போல் சுத்தம் பார்த்தவர்கள் இல்லை. குளிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டாள். கீரையை மூன்று தண்ணீரில் அலசுவாள். மதியத்துக்கு எல்லோரும் தயிர்சோறுதான் கொண்டுபோவார்கள். விடியும்போதே சோற்றை வடித்து, அகலமான அலுமினியத் தட்டில் கொட்டி ஆறவைப்பாள். பிறகு பாலும் தயிரும் ஊற்றிக் கையாலேயே குழையப் பிசைவாள். அம்மா ஒருநாள் கரண்டியை நீட்டியபோது, "கரண்டிக்கு என்னாடி தெரியும்? உப்பு பத்தலைன்னு கைதான் சொல்லும்" என்றாள். எல்லா டப்பாவும் நிறைந்த பிறகு தட்டின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து ஒரு உருண்டை பிடிப்பாள். அது தம்பிக்கு. அவன் தூக்கக் கலக்கத்தோடு வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பான். "பெருசா, பெருசா" என்பான்.

மழை பிடித்த சமயத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் மதுரைக்கார அண்ணன் ஒருவர் படுத்தார். வாரம் கழித்து இன்னும் இரண்டு பேர். அதற்குப் பிறகு வேறொரு அறையில் ஒருவர். ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். கேட் எதிரே இருந்த புரோட்டாக் கடைதான் காரணம் என்றார் அப்பா. தொட்டித் தண்ணீர்தான் என்றார்கள் வேறு சிலர். வீட்டுக்காரம்மா கன்னடம் பேசுகிறவர். கன்னடமும் தமிழுமாகத் திட்டிக்கொண்டே வந்து தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் ஒருவர் படுத்தார்.

அப்போதுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். எங்களுக்கு அவர் மலேரியாக்காரர். சுவரில் தேதி எழுதிவிட்டுப் போகிறவர். அன்றைக்கு அவர் சுவர்ப்பக்கமே போகவில்லை. ஒரு நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் யார், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று எழுதினார். கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா நாற்காலி போட்டாள். அத்தை கதவோரம் நின்றாள்.

"இந்தத் தொட்டித் தண்ணியைத்தானே லைன் முழுக்கக் குடிக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்" என்றாள் அம்மா.

"வீட்டுல பொங்கித் தின்னுற மூணு குடும்பத்துலயும் யாருக்கும் ஒண்ணும் இல்லை. காய்ச்சல்ல படுத்த அஞ்சு பேருமே உங்க மெஸ்ஸுல சாப்பிடறவங்க."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பவாச்சும் இந்தக் காய்ச்சல் வந்திருக்காம்மா?"

"ஆச்சுங்க, எட்டு வருசம். அவரும் நானும் ஒண்ணாத்தான் படுத்தோம். அவரு எந்திரிக்கலை. நான் எந்திரிச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு தலைவலிகூட இல்லீங்க சார். எப்பவாச்சும் வலது வெலாவுக்குக் கீழ வாய்வு புடிக்கும். சுக்குத் தண்ணி குடிச்சா போயிடும்."

அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து, ஒன்றில் அம்மா பெயரும் இன்னொன்றில் அத்தை பெயரும் எழுதினார். எதற்கு என்று சொன்னபோது அத்தையின் முகம் கறுத்துவிட்டது. "எனக்குத்தான் காய்ச்சலே இல்லீங்களே" என்றாள். "காய்ச்சல் இல்லாதவங்களைத்தாம்மா பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். எனக்கு அது கோளாறான பேச்சாகத் தோன்றியது. பசி இல்லாதவனைக் கூப்பிட்டுச் சோறு போடுவதுபோல.

அன்று மாலையே அம்மா தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "முடிவு வர்ற வரைக்கும் இவனுக்கு நானே ஊட்டிக்கறேன் அண்ணி, ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க" என்றாள். தம்பி அழுத அழுகை லைன் முழுக்கக் கேட்டது.

அம்மா மறுநாளே தன் டப்பாவைக் கொடுத்துவிட்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து யாரும் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டாள். அந்த நேரத்தில் அத்தை அடுப்படியை விட்டு நகர முடியாது. அவள் போகிற நேரம் வரிசை நிற்கிற நேரம். நிற்பவர்கள் எல்லோரும் அவள் கையால் சோறு வாங்குகிறவர்கள். டப்பாவை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு போனாள். திருநெல்வேலிக்கார அண்ணன் ஒருவர், நல்ல மனுஷன், வாளியை நகர்த்தி வைத்து, "யக்கா, நீங்க முன்னால போங்க, நாங்க நிக்கோம்" என்றார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அத்தை எதையோ மறந்துவிட்டவள்போலத் திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே. அத்தையின் டப்பாவை வாங்க இன்ஸ்பெக்டர் மூன்றாம் நாள் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். டப்பாவை என் பாவாடை மடிப்பில் திணித்தாள்.

"கண்ணு, நீ வெளிக்குப் போவயில்ல, உன்னோடதுல துளி இதுல வெச்சுக் குடுத்துடு."

"இதுல உம் பேரு போட்டிருக்குதே அத்தே."

"பேரு கெடக்குது. நீ திங்கறதும் நான் திங்கறதும் ஒரே சோறுதானேடி. உள்ள போறது ஒண்ணுன்னா வெளிய வர்றது மட்டும் வேறயாவா இருக்கும்?"

எனக்கு அது சரியாகவே பட்டது. அத்தைக்கும் சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். ஏமாற்றுகிறவள் முகம் அல்ல அது. "அந்தப் பசங்க முன்னாடி இதைக் கையில புடிச்சுக்கினு போனா, நாளைக்கு என் கையால சோறு எப்படிடி வாங்குவானுங்க?" என்றாள். பிறகு என் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "உங்கப்பன் ஆத்தாளுக்குத் தெரிய வேணாம். அசிங்கம்."

நான் சந்தோஷமாகவே போனேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. என்னுடையது நல்லதாகத்தான் இருக்கும். அப்படியானால் அத்தைக்கும் நல்ல பெயர்தான் வரும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை சரியாக எழுதாத பிள்ளைக்கு நான் விடை காட்டியிருக்கிறேன். அதைப்போல ஒரு காரியம் என்று நினைத்தேன். மூடியைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, அத்தை பெயர் அழியாமல் பார்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் கிருமி இல்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டு, நம்ப முடியாதவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று மெஸ்ஸில் ஒரே கும்மாளம். "சர்க்காரே யக்கா கைக்கு சர்டிபிகேட்டு கொடுத்துட்டாவ. இனி சாம்பார்ல உப்பு இல்லன்னாலும் யாருட்ட போய்ச் சொல்லுதது?" என்றார் திருநெல்வேலிக்காரர். அத்தை சிரித்தாள். அம்மாவுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தம்பியைத் தூக்கி வந்து அத்தை மடியில் உட்காரவைத்தாள். "இந்தாங்க அண்ணி, உங்க பையன். என் உயிரை எடுத்துட்டான்." வாசலுக்கு வெளியே நின்ற என்னை அத்தை ஒருமுறை பார்த்தாள். அப்போது எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. மறுநாள் காலை தம்பிக்கு உருண்டை கிடைத்தது. இத்தனை நாள் பாக்கிக்கும் சேர்த்துப் பெரிதாகப் பிடித்துக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து அவனுக்குச் சூடு வந்தது. முதலில் மழைக் காய்ச்சல் என்று ஊசி போட்டார்கள். டைபாய்டாக இருக்குமோ என்று அம்மா கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் கிருமி இல்லை என்று சீட்டு இருந்தது. காலையில் தணியும், சாயங்காலம் ஏறும். அத்தை மெஸ் வேலையை முடித்த கையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாயைத் திறக்க மாட்டேன் என்பவனுக்கு, கஞ்சிச் சோற்றை விரலால் நசுக்கி நசுக்கி நாக்கில் வைப்பாள். வேறு யார் ஊட்டினாலும் துப்பினான். அத்தை கையிலிருந்து மட்டும் நாலு வாய் இறங்கியது. அதைப் பார்த்து அம்மா கும்பிட்டாள்.

மூன்றாவது வாரத்தில் வயிறு கல்லாக உப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார்கள். பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. வேன் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்ததைப் பார்த்து, தம்பிக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்து நான்தான் முதலில் ஓடினேன்.

காரியம் முடிந்த மறுவாரம் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். ஒரு தடவை பார்த்தால் தப்பிவிடுவது உண்டு, அத்தைக்கு மட்டும் இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். பையிலிருந்து டப்பாவை எடுக்கப் போனார்.

அம்மா எழுந்தாள். ஒரு வாரமாகப் பேசாதவள். "எங்க அண்ணிக்கு இல்லைன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே? எம் புள்ளை போயிட்டான். இன்னும் இவங்க பீயை நோண்டி என்னா பண்ணப் போறீங்க? போங்க வெளிய" என்று கத்தினாள். அத்தைக்காக அம்மா யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சத்தியம் செய்திருந்தேன். உடைத்தால் அத்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நம்பினேன். அவள் அதைத்தான் சொன்னாளா, அல்லது நானாவது சொல்லிவிட மாட்டேனா என்று பார்த்தாளா என்று இதுவரை பல தடவை யோசித்துவிட்டேன். தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வேறு ஆள் வந்தார். அவர் சுவரில் தேதி எழுதுவதோடு சரி.

கேன்டீனில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் நர்சம்மாவிடம் தைரியமாகக் கேட்டேன். காய்ச்சல் இல்லாதவர்களை எதற்குச் சோதிக்கிறீர்கள் என்று. சிலருக்குக் காய்ச்சல் போனாலும் கிருமி போகாது, பித்தப்பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். ஆளை ஒன்றும் செய்யாதாம். வருஷக்கணக்கில் மலத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்குமாம். சோப்புப் போட்டுக் கழுவாத கையிலிருந்து சாப்பாட்டுக்குப் போகும். கொதிக்கிற சாம்பாரில் விழுந்தால் செத்துப்போகும். ஆறின சோற்றில் விழுந்தால் மதியம் டப்பாவைத் திறப்பதற்குள் பல மடங்காகிவிடும். "மாத்திரையில போயிடும், இல்லைன்னா ஒரு ஆபரேஷன். கண்டுபிடிச்சுட்டா போதும்" என்றார். கண்டுபிடித்துவிட்டால் போதும். தலையாட்டிவிட்டு வந்து அன்றைக்கு நூறு பேருக்குப் பரிமாறினேன். நானும் அதே சோற்றைத் தின்றவள்தான். எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வாய் வரவில்லை.

மெஸ் தம்பி செத்த வருஷமே நின்றுபோனது. தம்பிக்குப் பிறகும் இரண்டு பேர் படுத்ததால், லைனில் இனி யாருக்கும் சமைத்துப் போடக்கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். அத்தை நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அந்த நேரத்தில் அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்தில் இருந்த சித்தப்பா வீட்டிலிருந்து ஆள் வந்தது. சித்திக்கு ஐந்தாவது பிரசவம் ஆகி எழுந்திருக்க முடியவில்லை, நாலு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க ஆளில்லை என்றார்கள். அத்தை உடனே கிளம்பிவிட்டாள். துணிப்பையோடு அந்த அலுமினியத் தட்டையும் எடுத்துக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

பஸ் ஏற்றிவிட நானும் அப்பாவோடு போனேன். அந்தப் பக்கம் போகிற பஸ் நாளைக்கு ஒன்றோ இரண்டோதான். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து என் கன்னத்தைத் தொட்டாள். அப்பா பக்கத்தில் இருந்ததால் எதுவும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. தம்பி இல்லாத வீட்டில் இனி அத்தையும் இல்லை. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், நாலு பேரில் சின்னவளுக்குத் தம்பி வயசு. நாளையிலிருந்து அந்த நாலு பேரும் காலையில் எழுந்து அத்தை முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் புறப்பட்டது. அவர்கள் மேல் எனக்குத் தாங்க முடியாத பொறாமையாக இருந்தது.